கொல்லைக் கிணற்றில் கடல்

இனிமேல் உயிர் இருக்கிற வரைக்கும் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர்கூட இறைப்பதில்லை என்று வேதாசலம் சபதம் எடுத்தான்.

எடுத்த இடம் கிணற்றடி. கையில் வாளி இருந்தது. வாளியில் தண்ணீர் இருந்தது. சபதத்தை உடனே ஆரம்பித்துவிடலாம் என்றால் எதிரே எருமை நின்றது. எருமைக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி சொக்கம்மா நின்றாள். அதனால் இந்த ஒரு வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்த வாளியிலிருந்து சபதம் என்று மனசுக்குள் திருத்திக்கொண்டான். தொட்டி நிரம்புகிற வரைக்கும் சபதம் இப்படியே தள்ளித் தள்ளிப் போனது.

“இன்னா மே, இது எருமையா இல்ல ஏரியா? ஊத்த ஊத்தக் குடிச்சிக்கினே கீது.”

“நீ டீக்கடையில குடிக்கறதைவிடவா?”

“தாம்புக் கயிறு அறுத்து அறுத்து என் கைரேகையே அயிஞ்சி போச்சு.”

“ரேகையில இன்னா ராஜயோகமா இருந்துது? போனாப் போவுது. இறை.”

வேதாசலம் திருப்புலிவனத்தில் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணமோ காது குத்தோ, குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, பந்தலில் சீரியல் லைட் போடுகிறவன் அவன்தான். ஊரில் ரேடியோ பாடவில்லை என்றாலும் அவனிடம்தான் வரும். திறந்து பார்ப்பான். சில சமயம் திரும்ப மூடவும் செய்வான். ஒயர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். தண்ணீர் என்றால் மட்டும் பிடிக்காது. பிடிக்கச் சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது.

எருமை, சொக்கம்மாவின் அண்ணன் தென்னேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தது. கொடுக்கும்போதே பேசி முடித்ததுதான்: கறப்பது, சாணி அள்ளுவது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது எல்லாம் அவள். தண்ணீர் இறைப்பது மட்டும் அவன். கேட்கும்போது சுலபமாக இருந்தது. சித்திரை வந்து தண்ணீர் பாதாளத்துக்குப் போன பிறகுதான், ஏமாந்தது தான் என்று அவனுக்குப் புரிந்தது.

அந்த வாரமே வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சாமி இருக்கிறார் என்று வேதாசலம் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் பெயர் அருள்தாஸ். காஞ்சிபுரத்தில் ஏதோ ஒரு சோதனைத் திட்டத்துக்கு இஞ்சினீயர். பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று ஆள் போய்ப் பார்க்காமல் ஆபீசில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு மோட்டார் போடாத கிணறு ஒன்று வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மோட்டார் போடாத சோம்பேறி வேதாசலம் ஒருத்தன்தான்.

இரண்டு பெட்டி இறங்கியது. முதலில் வெளியே வந்தது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒரு பித்தளைக் குழாய்.

“இதுதான் சென்சார்” என்றார் இஞ்சினீயர்.

“சினிமாவுல வெட்டுவாங்களே, அதுவா சார்?” என்றாள் சொக்கம்மா.

“இல்லம்மா. இது கிணத்துக்கு அடியில கிடக்கும். தன் தலைக்கு மேல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு இதுக்குத் தெரியும். அதை இந்தக் கேபிள் வழியா வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டிக்குச் சொல்லும். பெட்டிக்குள்ள வயர்லெஸ் இருக்கு. அது காஞ்சிபுரத்துக்குச் சொல்லும். அங்க ஒரு பேனா தானா பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே இருக்கும்.”

“இவ்ளோ பேரு சொல்றாங்களா? அந்த ஏகப்பட்ட வாய்க்கு நடுவுல எங்க வூட்டுக்காரரு எதுக்கு?”

“ஒயரை இணைக்கிறதுக்கு. இங்க ஒயரிங் தெரிஞ்சவர் இவர்தான்னு சொன்னாங்க.”

வேதாசலம் நெஞ்சை நிமிர்த்தினான். “சார், இந்தச் சுத்துவட்டாரத்துல எரியிற பல்பு பூரா நான் கட்டினது.”

“எரியாததும்” என்றாள் சொக்கம்மா.

கூரை மேலே மீன்முள் மாதிரி ஏரியல் ஏறியது. கிணற்றிலிருந்து வேலி ஓரமாகக் கேபிள் வந்து, ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழைந்தது. கேபிளுக்குள் சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு ஒயர். பெட்டியிலும் அதே மாதிரி நாலு. மைக்செட்டில் நிறம் பார்த்துக் கட்டுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. பாட்டு வருகிற வரைக்கும் மாற்றி மாற்றிக் கட்டுவதுதான் அவன் படித்த படிப்பு. பல்லால் தோலை உரித்து, கைக்கு வந்ததை முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டான்.

பெட்டி ‘கூக்’ என்று கத்தியது, அதன் முகப்பில் தண்ணீர் அளவு காட்டுகிற முள் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் காஞ்சிபுரத்திலிருந்து கரகரவென்று குரல் வந்தது. “சார், அந்தக் கிணத்துல தண்ணி தரைக்கு மேல ஆறடி நிக்குதுன்னு காட்டுது. ஓவர்.”

இஞ்சினீயர் கிணற்றைப் பார்த்தார். வேதாசலத்தைப் பார்த்தார். வெள்ளையும் பச்சையும் இடம் மாறியிருந்தன.

“இதோ பாருங்க வேதாசலம். மைக்செட்டுல மாத்திக் கட்டினா பாட்டுதான் நிக்கும். இங்க மாத்திக் கட்டினா ஆபீஸ்ல வெள்ளம் வரும். இனிமே ஜாயிண்டு பூரா உங்க பொறுப்பு. இப்போதைக்கு வேலை தற்காலிகம். கோடை முடியற வரைக்கும் ஒழுங்கா கணக்கு வந்தா நிரந்தரம். ஜாயிண்டு லூசுன்னு தெரிஞ்சுதோ, வாலாஜாபாத்துல வேற ஆள் ரெடியா இருக்கார்.”

நிரந்தரம். கவர்மெண்ட் வேலை. வேதாசலத்துக்குக் காது அடைத்தது. அடைத்த காதோடு, சொக்கம்மா உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்து மெதுவாகக் கேட்டான். “சார், கெணத்துல தண்ணி எடுக்கலாமா?”

“தாராளமா. குடிக்க, மாட்டுக்கு எல்லாம் எடுத்துக்கங்க. உடனே ஊறிடும். மோட்டார் மட்டும் போட்டுடாதீங்க.”

இந்தப் பதிலை வேதாசலம் அப்படியே முழுங்கிவிட்டான். ஜீப் தெரு முனை திரும்பியதும் உள்ளே போனான்.

“கேட்டுக்க மே. இன்னையிலேர்ந்து கெணத்துல ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. கவர்மெண்ட் ஆர்டர்.”

“எருமைக்கு?”

“எருமைக்குன்னு தனி ஆர்டர் ஒண்ணும் வரலை.”

“பின்ன தண்ணிக்கு எங்க போறது?”

“எல்லப்பன் வூட்டுக் கெணறு கீதே.”

“அது தெருக்கோடியில கீதுய்யா. யாரு தூக்கிக்கினு வர்றது?”

“நான் தூக்கலாம். ஆனா பெட்டியை வுட்டு நகரக் கூடாது. டியூட்டி.”

சொக்கம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவள் கத்தினால் பயமில்லை, பேசாமல் போனால்தான் வம்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதற்குள் கட்டிலில் கால் நீட்டியிருந்தான்.

சுகமான நாட்கள். பெட்டியை விட்டு நகரக் கூடாது என்கிற சட்டம் தண்ணீர் தூக்குவதற்கு மட்டும்தான். டீக்கு அந்தச் சட்டம் கிடையாது. தினமும் சைக்கிளை மிதித்து உத்திரமேரூர் போய், சேட்டுவின் டீக்கடையில் உட்கார்ந்து, தன் கிணறு எப்படிக் காஞ்சிபுரத்தோடு பேசுகிறது என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து பின்கட்டுக் கதவு வழியே எட்டிப் பார்ப்பான். கிணற்றுச் சுவரை ஒட்டியிருந்த தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். ஐயோ பாவம், எத்தனை நடை நடந்தாளோ என்று ரொம்பவும் இரக்கப்பட்டுவிட்டுக் கை கால் கழுவப் போவான்.

பேச்சும் மாறிவிட்டது.

“மே, சோறு போடு. ஓவர்.”

“கொயம்பு இல்லை. ஓவர்.”

“ஏன் இல்லை? ஓவர்.”

“தண்ணி இல்லை. கவர்மெண்ட் ஆர்டர். ஓவர்.”

அப்புறம் ஒரு நாள் காலையில் பெட்டி கூப்பிட்டது. அருள்தாஸ் குரல்.

“திருப்புலிவனம், திருப்புலிவனம். கிணத்துல யாராவது மோட்டார் போட்டீங்களா? ஓவர்.”

“மோட்டாரே இல்லை சார். ஓவர்.”

“காலையில தண்ணி ரெண்டடி ஏறுது. பகல் பூரா இறங்குது. சாயங்காலம் மறுபடி ஏறுது. வானத்துல ஒரு மேகம் இல்லை. தண்ணி எங்கேர்ந்து வருது? ஓவர்.”

வேதாசலத்திடம் பதில் இல்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? “ஓவர்” என்றான்.

“என்ன ஓவர்? ஜாயிண்டைப் பாருங்கய்யா!”

பார்த்தான். டேப்பைப் பிரித்து, ஒயரைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி சுற்றினான். சாயங்காலம் தண்ணீர் ஏறியது. ஜன்னலில் கேபிள் நசுங்குகிறதோ என்று துணி வைத்துக் கட்டினான். காலையில் ஏறியது. ஏரியல் மேலே காக்கா உட்கார்ந்தது. அதுதான் காரணம் என்று கல்லெறிந்தான். காக்கா போனது, ஓடு உடைந்தது, தண்ணீர் ஏறியது. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டான். ஏறியது. சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் எது சிவப்பு எது பச்சை என்றே சந்தேகம் வந்துவிட்டது. சொக்கம்மாவைக் கூப்பிட்டு, “இது இன்னா கலரு?” என்று கேட்டான்.

“பச்சை.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“உனுக்கு இன்னாய்யா ஆச்சு?”

“கெணத்தாண்ட யாராவது வந்தாங்களா மே?”

“நான்தான் வந்துபோயிக்கினு கீறேன். எருமையைக் கட்டணுமே.”

“தண்ணி கிண்ணி எடுத்தியா?”

“கவர்மெண்ட் ஆர்டரை மீற முடியுமா?”

“அப்போ ஏன் ஏறுது எறங்குது?”

“மூச்சு வுடுதோ இன்னாவோ.”

கிணற்றை எட்டிப் பார்த்தான். ஆழத்தில் இருட்டு. இருட்டுக்குள் கொஞ்சம் பளபளப்பு. கேபிள் சுவர் மேல் ஏறி ஒழுங்காக உள்ளே இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் அவன் எதைச் சரி செய்வான்? வாலாஜாபாத்துக்காரனை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த ஆள் வந்து நின்றான். கையில் இடுக்கி வைத்திருந்தான்.

நாலைந்து நாள் கழித்து ஜீப் வந்தது. முடிந்தது கதை என்று வேதாசலம் நினைத்தான். அருள்தாஸ் ஒரு சுருள் காகிதத்தைக் கட்டில் மேலே விரித்தார். காகிதம் முழுக்க ஒரு கோடு. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.

“இதைப் பார்த்தா என்ன தோணுது?”

“ஜாயிண்டு லூசு இல்லை சார், சத்தியமா.”

“அலை மாதிரி இல்லை?”

வேதாசலம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அலை மாதிரிதான் இருந்தது.

“கடல்” என்றார் அருள்தாஸ். “பூமிக்கு அடியில கடலுக்கும் இந்தக் கிணத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கு. அங்க ஏறினா இங்க ஏறுது.”

“மாமல்லபுரத்துக் கடலா சார்?”

“ஆமா.”

“எப்படி சார்? நடுவுல செங்கல்பட்டு கீதே?”

“அதுதான் அதிசயம்! மெட்ராஸுக்கு எழுதியிருக்கேன். பெரிய இஞ்சினீயர் நேர்ல வந்து பார்ப்பார். அவர் ஒத்துக்கிட்டா இந்த ஸ்டேஷன் நிரந்தரம், உங்க வேலையும் நிரந்தரம். சும்மா சொல்லக் கூடாது, உங்க ஜாயிண்டு பிரமாதம்.”

வேதாசலத்துக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பிரமாதம் மட்டும் புரிந்தது. “எனுக்கு அப்பவே ஒரு சந்தேகம் சார்” என்றான்.

சேட்டு டீக்கடையை அடைத்துவிட்டு வந்தான். ஊரே வந்தது. கிணற்றுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். அலைச் சத்தம் கேட்கிறது என்று ஒருத்தர் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. ஒரு அம்மா கற்பூரம் ஏற்றினாள். சேட்டு தனியாக வந்து, “சங்கு கிங்கு கெடைச்சா சொல்லு நைனா” என்றான். நேராகவே கேட்கிறேன், இத்தனை பேர் வந்தார்களே, ஒருத்தராவது கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டு அளந்து பார்த்தார்களா? இல்லை. காஞ்சிபுரத்தில் காகிதமே சொல்லும்போது கிணற்றைப் போய்க் கேட்பானேன்?

அந்த நேரம் பார்த்து சொக்கம்மா பையோடு வாசலுக்கு வந்தாள்.

“அண்ணன் புள்ளைக்குக் காது குத்து. தென்னேரி போய்ட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன். எருமைக்குத் தண்ணி காட்டு.”

“நானா? எல்லப்பன் கெணத்துலேர்ந்தா?”

“பின்ன, கடலா வந்து காட்டும்?”

பஸ் ஏறிப் போய்விட்டாள். வேதாசலம் மூளையை உபயோகித்தான். எருமையை அவிழ்த்து ஏரிக்கு ஓட்டினான். வற்றிப்போன ஏரியின் நடுவே குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர் இருந்தது. எருமை அதில் படுத்தது. பொழுது சாயும்போது கூட்டிக்கொண்டு வந்து கட்டினான். ஒரு வாளி இறைக்கவில்லை, ஒரு குடம் தூக்கவில்லை. சொக்கம்மாவுக்கு இவ்வளவு நாளாக இந்த யோசனை வரவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டான்.

மறுநாள் மத்தியானம் பெட்டி அலறியது.

“வேதாசலம்! அலை நின்னுபோச்சு! நேத்திலேர்ந்து கோடு நேரா போகுது! ஓவர்!”

“ஐயையோ! கடல்ல ஏதாவது பிரச்சினையா சார்? ஓவர்.”

“கடல்ல என்னய்யா பிரச்சினை? உங்க ஒயர்லதான் பிரச்சினை! நாளைக்குப் பெரிய இஞ்சினீயர் வர்றார். அவர் முன்னாடி இப்படி நேர்க்கோடு வந்தா என் மானம் போகும், உங்க வேலை போகும். பெட்டியிலேர்ந்து சென்சார் வரைக்கும் கேபிளை அங்குலம் அங்குலமா தடவிப் பாருங்க. ஓவர்.”

தடவினான். பெட்டி, ஜன்னல், வேலி. வேலி முள் கையில் ஏறியது. தடவினான். கிணற்றுச் சுவருக்கு வந்தான். உள்ளே தொங்கிய கேபிளைப் பிடித்து மேலே இழுத்தான். லேசாக வந்தது. இவ்வளவு லேசாக வரக் கூடாதே என்று நினைக்கும்போதே கையில் ஒரு வளையம் வந்தது. உள்ளே போன கேபிள் உள்ளே போய் முடியவில்லை. திரும்பி மேலே வந்திருந்தது. சுவரில் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற ஓட்டை ஒன்று இருந்தது. அந்த ஓட்டைக்குள் நுழைந்து வெளியே போயிருந்தது.

சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். தொட்டிக்குள் கையை விட்டான். பாசி, வைக்கோல், அதற்கு அடியில் வெள்ளரிப் பிஞ்சு. எருமை நக்கி நக்கிப் பித்தளை புதுசாக மின்னியது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். காலையில் தொட்டி நிறைந்தால் ஏற்றம். எருமை குடித்தால் இறக்கம். சாயங்காலம் நிறைந்தால் மறுபடி ஏற்றம். கோடையில் கிணற்றின் அடியிலும் இடுப்பளவு தண்ணீர்தான், இந்தத் தொட்டியிலும் இடுப்பளவுதான். காஞ்சிபுரத்துப் பேனாவுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

மாமல்லபுரத்துக் கடல் அவனுக்கு எதிரே கட்டுத்தறியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

குழாயைத் தூக்கிக் கிணற்றில் எறியப் போனான்.

“போடு. போட்டுடு” என்றது ஒரு குரல். பஸ்ஸை விட்டு இறங்கிய பையோடு சொக்கம்மா பின்கட்டில் நின்றிருந்தாள்.

“இன்னா மே பண்ணி வெச்சிருக்கே?”

“நீ தூங்கறப்பவும் டீக்கடையில இருக்கறப்பவும் தண்ணி இறைப்பேன், ஒரு நாள் வாளி அதுமேல இடிச்சுதுய்யா. கவர்மெண்ட் சாமான். நசுங்கிடுமேன்னு எடுத்துத் தொட்டியில பத்திரமா வெச்சேன்.”

“தண்ணி இறைச்சியா? இந்தக் கெணத்துலயா? ஆர்டர் இன்னா ஆச்சு?”

“எந்த ஆர்டரு? நீ டீ குடிக்கப் போனப்போ ஒரு நாள் பெட்டி கூப்பிட்டுது. நான்தான் பேசினேன். மாட்டுக்குத் தண்ணி எடுக்கலாமா சார் ஓவர்னு கேட்டேன். தாராளமா எடும்மா, உங்க வூட்டுக்காரருகிட்ட அன்னிக்கே சொன்னேனே ஓவர்னாரு.”

வேதாசலத்திடம் ஒரு ஓவர்கூட மிச்சமில்லை.

“சரி, இப்போ அதைக் கெணத்துலயே போட்டுடு” என்றாள் சொக்கம்மா.

“போட்டா நாளைக்குக் கோடு நேரா போவும் மே.”

“போவட்டுமே.”

“ஜாயிண்டு லூசுன்னு எய்திடுவாங்க. வாலாஜாபாத்து ஆளு வந்துடுவான்.”

“அப்போ தொட்டியிலயே கெடக்கட்டும்.”

“தொட்டியில இருந்தா அலை அடிக்கணுமே!”

“அடி.”

“நீ அடிக்க மாட்டியா?”

“நான் எப்படி அடிக்கறது? மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசரு வர்றாரு. மோர் கலக்கணும். வாய்க்கு ருசியா எதனா பண்ணணும். வாளி அங்கதான் கீது பாரு.”

மறுநாள் பெரிய இஞ்சினீயர் வந்தார். கிணற்றுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். வெயில் கொளுத்தியது. உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே, பெட்டியின் முள்ளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அருள்தாஸ் நிற்க முடியாமல் நின்றார். சொக்கம்மா மோர் கொடுத்தாள். “எங்க வூட்டுக்காரரு வெளியில கேபிளைக் காவல் காத்துக்கினு கீறாரு சார்” என்றாள்.

வெளியே ராட்டினம் கிறீச் கிறீச்சென்று கத்தியது. அது என்ன சத்தம் என்று பெரியவர் கேட்டார். பக்கத்து வூட்டுக் கெணறு சார் என்றாள் சொக்கம்மா.

வேதாசலம் இறைத்தான். ஊற்றினான். ஊற்ற ஊற்ற எருமை குடித்தது. முள் ஏறவில்லை என்று உள்ளே அருள்தாஸ் பதறுவது காதில் விழுந்தது. “குடிக்காதே, உனுக்குப் புண்ணியமாப் போவும், இன்னும் ஒரு அடி ஏறணும்” என்று எருமையின் காதில் கெஞ்சினான். அது வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட நிமிரவில்லை. கடைசியில் எருமையின் தலையை ஒரு தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊற்றினான். உள்ளே “ஏறுது! ஏறுது!” என்று கத்தினார்கள். பெரியவர் கை தட்டியதுகூடக் கேட்டது.

கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் நின்றான். தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட.

“ஏன்யா இப்படி நனைஞ்சிருக்கே?” என்றார் பெரியவர்.

“அலை தெறிச்சிடுச்சு சார்” என்றான் வேதாசலம். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

பெரியவர் அருள்தாஸைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், வேலை நிரந்தரம். ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்தக் கிணற்றுக்கு வேதாசலம்தான் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும். அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு.

ஜீப்பில் ஏறும்போது அருள்தாஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொப்புளம் உடைந்தது. “உங்க சம்சாரத்துக்கு நீங்க நன்றி சொல்லணும். ஜாயிண்டு லூசு, ஆளை மாத்தணும்னு நான் எழுதியே முடிச்சுட்டேன். அப்பதான் அவங்க ஒரு நாள் வயர்லெஸ்ல, ‘கடல் மாதிரி ஏறி எறங்குதோ சார்’னு கேட்டாங்க. எனக்குப் பொறி தட்டினதே அப்பதான்.”

வேதாசலம் திரும்பிப் பார்த்தான். சொக்கம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். “ஒண்ணு கவனிங்க. உண்மையிலேயே கடல்னா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அலை பெருசா இருக்கும். அடுத்த அமாவாசைக்கு எவ்வளவு ஏறுதுன்னு ஆபீஸ்ல பார்த்துக்கிட்டே இருப்போம்.”

புழுதி அடங்கியதும் வேதாசலம் பின்கட்டுக்கு ஓடினான். தொட்டியைப் பார்த்தான். விளிம்பு வரைக்கும் தண்ணீர். அவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிச்சி வந்தது. “மே, தொட்டி நெறைஞ்சி கீது. இதுக்கு மேல ஊத்தினா வயிஞ்சிடும். அமாவாசைக்கு அலை ஏற வயியே இல்லை. நான் இன்னா பண்ண முடியும், சொல்லு?”

“அதுக்கு ஏன்யா பேஜாராவுறே?” என்றாள் சொக்கம்மா. “அமாவாசைக்குக் கடல் பொங்கும்னு எனுக்குத் தெரியாதா? காது குத்துல அண்ணன்கிட்ட அப்பவே சொல்லிட்டுத்தான் வந்தேன். அமாவாசைக்குள்ள இதைவிடப் பெரிய தொட்டியா ஒண்ணு வண்டியில ஏத்திக்கினு வர்றாரு. வண்டிக்குப் பின்னாலயே இன்னொரு எருமையும் வருது.”